மாலிகுலர் பயாலஜியும் ஜீனோமிக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து வருஷா வருஷம் அதே கேள்விகள். சில வராந்தாவில் வரும், சில சேர்க்கை நாளில் பெற்றோரிடமிருந்து வரும். பெரும்பாலானவை, டி.என்.ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓடி முடியக் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தில் வரும். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தருகிறேன். முதல் வருஷத்துக்காரர்கள் மேலிருந்து படிக்கலாம். பிராஜெக்டில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் நேராகக் கீழே போய்விடலாம்.

மாலிகுலர் பயாலஜி, ஜெனெடிக்ஸ், பயோடெக், ஜீனோமிக்ஸ்... எல்லாம் ஒண்ணுதானே மேம்?

ஒரே தெரு, வேறு வேறு வீடு. அப்பாவுக்கு இருந்த நோய் மகளுக்கு ஏன் வந்தது, மகனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது ஜெனெடிக்ஸ். அதற்குள் ஓடும் இயந்திரம் என்ன என்று கேட்பது மாலிகுலர் பயாலஜி: டி.என்.ஏ எப்படி நகலாகிறது, அதிலிருந்து ஆர்.என்.ஏ எப்படி உருவாகிறது, ரைபோசோம் அதைப் படித்து எப்படிப் புரதம் கோக்கிறது. ஒரே ஒரு ஜீனின் பின்னால் மூன்று வருஷம் திரிவது மாலிகுலர் பயாலஜி என்றால், ஓர் உயிரினத்தின் எல்லா ஜீன்களையும், அவற்றுக்கு நடுவில் இருக்கும் மற்ற பகுதிகளையும் மொத்தமாக எடுத்து மேஜையில் பரப்புவது ஜீனோமிக்ஸ். இவற்றை வைத்து இன்சுலின், தடுப்பூசி, விதை என்று ஏதாவது தயாரிப்பது பயோடெக்.

சேரும்போது பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், அதில் எத்தனை பேருக்கு ஒரு மைக்ரோபிப்பெட் (துளியிலும் குறைவான அளவை எடுத்து விடும் கருவி) என்று கேளுங்கள். அப்படியே, டி.என்.ஏ-வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் மெஷினை ஒரு கண் பார்த்துவிட்டு வாருங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கலையாமல் இருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம்.

பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். காலேஜ்ல சமாளிச்சுருவேனா?

முதல் செமஸ்டர் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. பாடநூலில் 'டிரான்ஸ்கிரிப்ஷன்' என்பதற்குப் 'படியெடுத்தல்' என்று படித்திருப்பீர்கள். ஓலைச்சுவடியைப் பார்த்து இன்னொரு ஏட்டில் எழுதுவதும் படியெடுத்தல்தான். மொழி மாறாது, எழுத்தும் மாறாது, படிதான் புதிது. டி.என்.ஏ-விலிருந்து ஆர்.என்.ஏ வருவது அதுவே: ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் டி-க்குப் பதில் யு வரும், மற்றபடி அதே எழுத்துகள். அடுத்த கட்டம் 'மொழிபெயர்ப்பு'. அங்கேதான் மொழியே மாறுகிறது. நான்கு எழுத்து மொழியில் இருந்ததை இருபது அமினோ அமில மொழிக்குக் கொண்டுபோகிறது ரைபோசோம். ஏடு எழுதுபவர் கை தவறினால் பாட பேதம் வரும், டி.என்.ஏ-வை நகலெடுக்கையில் செல் தவறினால் மியூட்டேஷன். ஆங்கில வழியில் படித்த பலர் டிரான்ஸ்கிரிப்ஷன், டிரான்ஸ்லேஷன் என்ற இரண்டையும் குழப்பிக்கொண்டு வைவாவில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் பேராசிரியர் சொல்லும் சொல், வலது பக்கம் உங்களுக்குப் புரிந்த தமிழ். முதலில் தமிழில் தோழிக்கு விளக்கிப் பாருங்கள், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூன்றாவது செமஸ்டரில் வலது பக்கம் தானாகவே காலியாக இருக்கும்.

நீட்ல மார்க் வரலை, அதான் இதுல சேர்ந்தேன். தப்பா?

தப்பில்லை. வகுப்பில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். இரண்டு வருஷம் கழித்தும் 'இது எனக்கு இரண்டாவது சாய்ஸ்' என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் கெடுதல். இங்கே லேப்பில் கை பழகவில்லை என்றால் மார்க்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மேத்ஸ் வேண்டாம்னுதான் பயாலஜி பக்கம் வந்தேன். இங்கேயும் கணக்கு வருமா?

வரும். முதல் வாரமே வரும். பிரைமர் (பி.சி.ஆரில் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டி.என்.ஏ துண்டு) 100 மைக்ரோமோலார் செறிவில் இருக்கிறது, எனக்கு 10 மைக்ரோமோலாரில் 50 மைக்ரோலிட்டர் வேண்டும்: 5 மைக்ரோலிட்டர் பிரைமர், 45 தண்ணீர். இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். பத்து டியூபுக்குக் கலவை தயாரிக்கிறீர்கள் என்றால் பதினொன்றுக்குக் கணக்குப் போடுங்கள். பிப்பெட் நுனியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் போகும், கடைசி டியூபுக்கு வரும்போது கலவை காலி. தோசை மாவு வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வருஷத்தில் நிகழ்தகவும் புள்ளியியலும் வரும். அது பயமுறுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று 1963-இல் வரைந்து காட்டிய ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர். அந்த வரைபடம் இன்றைக்கும் உலகெங்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இளங்கலையும் முனைவர் பட்டமும் இயற்பியலில் வாங்கிவிட்டு உயிரியலுக்கு வந்தவர். ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தத் துறைக்குள் கணக்குக்காரர்கள் பின்வாசல் வழியாக வரவில்லை, முன்வாசலே அவர்கள் கட்டியதுதான்.

எல்லாத்தையும் மனப்பாடம்தான் பண்ணணுமா?

கொஞ்சம் பண்ணத்தான் வேண்டும். இருபது அமினோ அமிலங்கள், மூன்று நிறுத்தக் குறியீடுகள் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி. ஆனால் பாடத்தில் பெரும்பகுதி கதை. ஒவ்வொரு உண்மைக்கும் பக்கத்தில் 'இது எப்படித் தெரிந்தது?' என்று ஒரு கேள்வியை எழுதுங்கள். இந்தத் துறையைப் படிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

உதாரணமாக, டி.என்.ஏ நகலாகும்போது புது இரட்டை இழையில் ஒன்று பழையது, ஒன்று புதியது என்று படிக்கிறோம். யார் பார்த்தார்கள்? 1958-இல் மெசல்சன், ஸ்டால் என்ற இருவர் ஈ. கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன் (15) உள்ள ஊடகத்தில் பல தலைமுறை வளர்த்தார்கள். அதன் டி.என்.ஏ முழுக்கக் கனமானது. பிறகு சாதாரண நைட்ரஜன் (14) ஊடகத்துக்கு மாற்றி, ஒரு தலைமுறை கழித்து டி.என்.ஏ-வை எடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினார்கள். பழைய இரட்டை இழை அப்படியே இருந்து முற்றிலும் புதிய ஒன்று உருவாகியிருந்தால் கனமான பட்டை ஒன்று, லேசானது ஒன்று என இரண்டு வந்திருக்க வேண்டும். வந்தது நடுவில் ஒரே பட்டை. சரி, பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்திருக்கலாமே? இரண்டாவது தலைமுறையில் நடுப்பட்டையோடு லேசான பட்டையும் வந்தது. கலந்திருந்தால் அப்படிப் பிரிந்திருக்காது. இதை ஒருமுறை வரைந்து பார்த்தவர்களுக்கு மறக்காது.

டி.என்.ஏ-வைக் கண்ணால பார்க்க முடியுமா?

ஒற்றை இழையை முடியாது, அதன் அகலம் 2 நானோமீட்டர். கூட்டமாகச் சேர்ந்தால் தாராளமாக. வாழைப்பழத்தைப் பிசைந்து, பாத்திரம் தேய்க்கும் திரவமும் உப்பும் கலந்து, வடிகட்டி, அதன்மேல் ஃப்ரீசரில் வைத்த ஆல்கஹாலைச் சுவரோரமாக மெதுவாக விடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளையாக, சளி மாதிரி, நூல் நூலாக எழும்பும். குச்சியில் சுற்றினால் சுற்றிக்கொண்டு வரும்.

சோப்பு செல்லின் சவ்வைக் கரைக்கிறது, உப்பு டி.என்.ஏ-வின் எதிர்மின்னூட்டத்தை அடக்குகிறது, ஆல்கஹாலில் டி.என்.ஏ கரையாது என்பதால் வெளியே வந்துவிடுகிறது. லேப்பில் விலை உயர்ந்த கிட் செய்வதும் அடிப்படையில் இதுதான், கூடுதலாகச் சுத்தம் செய்கிறது.

மைக்ரோபிப்பெட் பிடிச்சா கை நடுங்குது. எனக்கு லேப் வேலை வராதா?

வரும். பட்டனில் இரண்டு நிறுத்தங்கள் இருக்கின்றன. முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், விடும்போது இரண்டாவது வரை அழுத்த வேண்டும். புதியவர்கள் உறிஞ்சும்போதே இரண்டாவதுக்குப் போய்விடுவார்கள், அளவு கூடிவிடும். பயிற்சிக்கு டி.என்.ஏ எதுவும் வேண்டாம். எடை மெஷினில் ஒரு சின்ன டியூபை வைத்து, 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் விட்டால் 0.1 கிராம் காட்ட வேண்டும். பத்து தடவை விடுங்கள். பத்திலும் கிட்டத்தட்ட அதே எண் வந்தால் நீங்கள் தயார்.

ஜெல்ல டி.என்.ஏ எந்தப் பக்கம் ஓடும்? மறந்து மறந்து போகுது.

சிவப்புப் பக்கம். டி.என்.ஏ-வுக்கு எதிர்மின்னூட்டம், அதனால் நேர்மின்முனைக்கு ஓடும், அந்த வயர் சிவப்பு. முதுகலை முதல் வருஷத்தில் நானே வயரை மாற்றிச் செருகிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் நீலச் சாயம், ஜெல்லில் மாதிரி ஊற்றும் கிணற்றிலிருந்து பின்பக்கமாக வெளியேறி பஃபர் கரைசலில் கலந்திருந்தது. இரண்டு வாரத்து மாதிரி. அன்றிலிருந்து சுவிட்ச் போட்டதும் ஐந்து நிமிஷம் அங்கேயே நிற்பேன்: மின்முனைக் கம்பியில் குமிழி வருகிறதா, சாயம் சரியான திசையில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீ.

பி.சி.ஆர் போட்டேன், ஜெல்ல ஒண்ணுமே வரலை. எங்க தப்பு?

முதலில் நான் திருப்பிக் கேட்பது: கன்ட்ரோல் போட்டீர்களா? ஏற்கெனவே வேலை செய்யும் என்று தெரிந்த டி.என்.ஏ ஒரு டியூபில், டி.என்.ஏ-க்குப் பதில் வெறும் தண்ணீர் இன்னொரு டியூபில். இவை இல்லாமல் ஜெல் படத்தைக் காட்டினால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கன்ட்ரோல் இருந்தால் விஷயம் சுலபம். அளவுகாட்டும் லேடர்கூடத் தெரியவில்லை என்றால் ஜெல்லிலோ சாயத்திலோ கோளாறு, பி.சி.ஆரைத் திட்டாதீர்கள். லேடர் வந்து, தெரிந்த டி.என்.ஏ-வும் வரவில்லை என்றால் கலவையில் எதையோ விட்டுவிட்டீர்கள். தெரிந்தது வந்து உங்களுடையது மட்டும் வரவில்லை என்றால் உங்கள் டி.என்.ஏ-வில் சிக்கல். தண்ணீர் டியூபில் பட்டை வந்தால் எங்கோ கலப்படம், அன்றைய முடிவுகள் எல்லாமே சந்தேகம்தான். ஜெல்லின் அடியில், 100 எழுத்து நீளத்துக்கும் கீழே மங்கலாக ஒரு கறை தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டாம், பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது அது.

டி.என்.ஏ-வில் சிக்கல் என்றால் எல்லோரும் இன்னும் அதிகமாக ஊற்றுவார்கள். நான் பத்து மடங்கு நீர்க்கச் சொல்வேன். ஒரு மாணவி முருங்கை இலையிலிருந்து டி.என்.ஏ எடுத்து மூன்று வாரம் பட்டையே இல்லாமல் தவித்தாள். இலையிலிருந்து கூடவே வந்த பாலிஃபீனால்கள் நகலெடுக்கும் நொதியின் கையைக் கட்டிப்போட்டிருந்தன. ஒன்றுக்குப் பத்து நீர்த்ததும் அன்று மாலையே பட்டை. நகல் எடுக்க டி.என்.ஏ கொஞ்சம் இருந்தால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகி 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் இழைகளைப் பிரிக்கக் கொடுக்கும், கொதிநிலையை அடுத்த சூட்டில் நொதி சாகாமல் இருப்பதற்குக் காரணம், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியா. அதிலிருந்துதான் டாக் நொதி வந்தது.

ரிவர்ஸ் பிரைமரை ஏன் தலைகீழா எழுதணும்? வெறும் ஜோடி எழுத்தைப் போட்டா போதாதா?

இந்தக் கேள்விக்கு வகுப்பில் ஒரு மணி நேரம் போகும். டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. நாமும், பிரைமர் தயாரிக்கும் கம்பெனியும், எல்லா வரிசையையும் 5' முனையில் தொடங்கி 3' முனைக்கு எழுதுகிறோம் (இழையின் இரண்டு முனைகளுக்கு வைத்த பெயர்கள் இவை). நொதியும் 3' முனையில்தான் புதிய எழுத்தைச் சேர்க்கும்.

உங்கள் ஜீனின் மேல் இழை ஜி-சி-ஏ-ஏ-டி-சி என்று முடிகிறது என வைத்துக்கொள்வோம். (நிஜ பிரைமர் 18 முதல் 25 எழுத்து இருக்கும், இங்கே ஆறு போதும்.) ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி என்று எழுத்துக்கு எழுத்து ஜோடி போட்டால் சி-ஜி-டி-டி-ஏ-ஜி. இதை அப்படியே ஆர்டர் செய்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வரிசையின் இடது முனை 3'. திருப்பி எழுதினால்தான் 5'-இலிருந்து தொடங்கும்: ஜி-ஏ-டி-டி-ஜி-சி. இதுதான் சரியான பிரைமர். திருப்பாமல் அனுப்பினால் கம்பெனி நீங்கள் கேட்டதைத் துல்லியமாகத் தயாரித்து அனுப்பும், அது எங்கேயும் போய் ஒட்டாது. முந்தைய கேள்வியில் 'தெரிந்தது வந்து உங்களுடையது வரவில்லை' என்ற வகையில், பிரைமர்களும் வேறு என்றால், இதையும் சரிபாருங்கள்.

எந்த வெப்பநிலையில் ஒட்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4. பத்துப் பத்தாக இருபது எழுத்து இருந்தால் 20 + 40 = 60 டிகிரி. நீளமான பிரைமருக்கு இது சரிப்படாது, மென்பொருளிடம் கொடுங்கள். இரண்டு பிரைமருக்கும் விடை அருகருகே வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

டி.என்.ஏ பாலிண்ட்ரோம்னா 'விகடகவி' மாதிரியா?

கிட்டத்தட்ட, ஒரு திருப்பத்தோடு. விகடகவி ஒரே வரியில் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும். டி.என்.ஏ பாலிண்ட்ரோமில் மேல் இழையைப் படிப்பதும் கீழ் இழையை அதன் திசையில் படிப்பதும் ஒன்றாக இருக்கும். ஈகோ ஆர்-1 என்ற வெட்டும் நொதி தேடும் இடம் ஜி-ஏ-ஏ-டி-டி-சி. மேலே சொன்னபடி ஜோடி போட்டுத் திருப்புங்கள், மறுபடி ஜி-ஏ-ஏ-டி-டி-சி வரும். அந்த நொதி இரட்டையாகச் சேர்ந்து ஆளுக்கு ஓர் இழையை வெட்டும். இரண்டு பேருக்கும் ஒரே வாசகம் தெரிய வேண்டும் இல்லையா? அதற்குத்தான் இந்த அமைப்பு.

ஜீனோம் சீக்வென்சிங்னா ஒரு முனைல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் படிச்சுக்கிட்டே போறதா?

அப்படி இருந்தால் நன்றாக இருக்கும். அதிகம் புழங்கும் இல்லுமினா முறையில் ஒரு தடவைக்கு 150 எழுத்து அளவில்தான் படிக்க முடிகிறது. மனித ஜீனோம் சுமார் 300 கோடி எழுத்து. அதனால் பல நகல்களைக் கண்டபடி நொறுக்கி, துண்டுகளைப் படித்து, ஒன்றின் வால் இன்னொன்றின் தலையோடு ஒத்துப்போகும் இடம் பார்த்து ஒட்டுகிறோம்.

பாட்டுப் புத்தகத்தைப் பத்துப் பிரதி வாங்கி எல்லாவற்றையும் கிழித்துப் போட்டதாக நினையுங்கள். சரணத்துத் துண்டுகளைச் சேர்த்துவிடலாம். பல்லவி மட்டும் இருக்கும் துண்டு? அது ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் வருகிறது, எந்த இடத்துக்குரியது என்று எப்படிச் சொல்வது? ஜீனோமில் பல்லவிகள் ஏராளம். 1990-இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் 2003-இல் முடிந்ததாக அறிவித்தபோதும், இந்தக் காரணத்தால் சுமார் 8 சதவீதம் விடுபட்டிருந்தது. பல்லவியையும் அதற்கு முன்னும் பின்னும் இருப்பதையும் ஒரே மூச்சில் படிக்கும் நீள்வாசிப்புக் கருவிகள் வந்த பிறகுதான், 2022-இல், அந்த இடைவெளிகள் ஏறக்குறைய முழுதும் அடைபட்டன.

வெங்காயத்துக்கு மனுஷனை விட டி.என்.ஏ அதிகமாமே?

ஆமாம், சுமார் ஐந்து மடங்கு. கோதுமைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். முந்தைய பதிலில் சொன்ன பல்லவிதான் முக்கியக் காரணம்: திரும்பத் திரும்ப வரும், தன்னைத்தானே நகலெடுத்துப் பரப்பிக்கொண்ட துண்டுகள். மனிதனுக்குப் புரதம் தரும் ஜீன்கள் சுமார் 20,000, அவற்றின் புரதம் தரும் பகுதி மொத்த ஜீனோமில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் குப்பை என்று எழுதினால் மார்க் போகும், மீதி எல்லாம் பயனுள்ளது என்று எழுதினாலும் போக வேண்டும். ஜீனை எப்போது, எங்கே இயக்குவது என்று தீர்மானிக்கும் சுவிட்சுகள் அதில் இருக்கின்றன, ஒரு வேலையும் காணாத பகுதிகளும் நிறைய இருக்கின்றன.

கோடிங் தெரியாது, லேப்டாப்பும் பழசு. ஜீனோமிக்ஸ் பண்ண முடியுமா?

தொடங்கலாம். கேலக்ஸி என்ற இலவச இணையதளத்தில் கோப்பை ஏற்றினால் கணக்கு அவர்கள் கணினியில் ஓடும், உங்களுக்குத் தேவை பிரௌசர் மட்டும். ஆனால் அதோடு நிற்காதீர்கள். கொஞ்சம் லினக்ஸ் கட்டளைகள், பைத்தான் அல்லது ஆர் இரண்டில் ஒன்று. தினம் அரை மணி நேரம் கொடுத்தால் ஒரு செமஸ்டரில் பயமாவது போய்விடும்.

முதல் வேலையாக, சீக்வென்சிங் வாசிப்புகள் இருக்கும் ஒரு ஃபாஸ்ட்-கியூ கோப்பைத் திறந்து வெறுமனே பாருங்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் நான்கு வரி: பெயர், எழுத்து வரிசை, ஒரு கூட்டல் குறி, நான்காவதாகக் கிறுக்கல் மாதிரி குறியீடுகள். அந்தக் கிறுக்கல்தான் தரச் சான்று. ஒவ்வொரு குறியும் அதற்கு நேர் மேலே இருக்கும் எழுத்தை எவ்வளவு நம்பலாம் என்று சொல்கிறது. மதிப்பு 20 என்றால் நூறில் ஒன்று தப்பாக இருக்கலாம், 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. வாசிப்பின் கடைசியில் இது இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், நுனியை ஏன் வெட்டிவிடுகிறோம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மண்ணுல இருந்து எடுத்த பாக்டீரியா. பிளாஸ்ட்ல 99 சதவீதம்னு வந்துருச்சு. பேர் கன்ஃபார்மா?

பிளாஸ்ட் என்பது உங்கள் வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிறவற்றைக் காட்டும் கருவி. 99-ஐப் பார்த்ததும் அதோடு முடித்துவிடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணைப் பாருங்கள்: உங்கள் வரிசையில் எத்தனை சதவீதம் ஒப்பிடப்பட்டது? 1,500 எழுத்து அனுப்பி, அதில் 200 மட்டும் 99 சதவீதம் ஒத்துப்போனால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை.

அதுவும் சரியாக இருக்கிறது என்றால்? பாக்டீரியாவை அடையாளம் காணப் படிக்கும் 16எஸ் ஜீன் பேரினத்தைக் காட்டும், இனத்தை எப்போதும் காட்டாது. சோற்றில் வளர்ந்து வயிற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸும், ஆந்த்ராக்ஸ் கிருமியும் அந்த ஜீனில் ஏறக்குறைய ஒன்றே. அதனால் 'இந்த இனத்துக்கு மிக நெருக்கமானது' என்று எழுதுங்கள். மற்ற சோதனைகளும் ஒத்துவந்தால் மட்டும் பெயர் வையுங்கள்.

ஆர்.என்.ஏ டேட்டால ஒரு ஜீனுக்கு பி-வேல்யூ 0.03 வந்துருக்கு. கண்டுபிடிச்சுட்டேனா?

பி-வேல்யூ என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரிவதற்கான வாய்ப்பு. எத்தனை ஜீன்களைச் சோதித்தீர்கள்? 20,000 என்றால், எந்த வித்தியாசமுமே இல்லாத இரண்டு மாதிரிகளில்கூட 0.05-க்குக் கீழே சுமார் 1,000 ஜீன்கள் தற்செயலாகவே வந்து நிற்கும். உங்களுடையது அந்த ஆயிரத்தில் ஒன்றா இல்லையா என்பதற்குத்தான் பல சோதனைத் திருத்தம் இருக்கிறது. முடிவுப் பட்டியலில் திருத்திய மதிப்பு என்று தனி நெடுவரிசை இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, எத்தனை மாதிரி? 'மூன்று' என்பார்கள். ஒரே செடியின் ஆர்.என்.ஏ-வை மூன்று டியூபில் பிரித்து ஓட்டியிருப்பார்கள். ஒரே குழம்பை மூன்று கிண்ணத்தில் ஊற்றி ருசி பார்த்தால் கிண்ணத்தைப் பற்றித்தான் தெரியும், சமையலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று தனித்தனிச் செடி வேண்டும்.

இந்தியாவுக்குன்னு தனியா ஜீனோம் எடுக்கிறதுல என்ன இருக்கு? மனுஷன் மனுஷன்தானே?

2009-இல் வந்த ஓர் ஆய்வு போதும். பெருந்துறை தண்டபாணி, குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் செய்தது. இதயத்தசைப் புரதம் ஒன்றின் ஜீனில் 25 எழுத்து விடுபட்டிருந்தால் இதயத்தசை நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்று காட்டினார்கள். தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது. ஐரோப்பியர்களின் ஜீனோமை மட்டும் அடுக்கிக்கொண்டே போயிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. பத்தாயிரம் பேரின் ஜீனோமை எடுத்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நீங்கள் முதுகலைக்கு வரும்போது அதில் வேலை செய்ய ஆட்கள் தேவைப்படுவார்கள்.

கிரிஸ்பர் வந்துருச்சே, இனிமே தப்பான எழுத்தைத் திருத்திட்டா நோய் போயிடும்ல?

கிரிஸ்பர் என்பது டி.என்.ஏ-வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கருவி. சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ஹீமோகுளோபின் ஜீனில் ஜி-ஏ-ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஜி-டி-ஜி, ஒரே எழுத்து. இதற்கான முதல் கிரிஸ்பர் சிகிச்சை 2023 நவம்பரில் பிரிட்டனிலும் அடுத்த மாதம் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தேர்வில் எல்லோரும் தப்பு விடும் இடம் இதுதான்: அந்தச் சிகிச்சை அந்த எழுத்தைத் திருத்தவே இல்லை. கருவில் இருக்கும்போது மட்டும் வேலை செய்துவிட்டு, பிறந்த பிறகு அடங்கிப்போகும் ஹீமோகுளோபின் ஒன்று உண்டு. அதை அடக்கிவைக்கும் ஜீனின் சுவிட்சை வெட்டி, பழைய ஹீமோகுளோபினை மறுபடி ஓட வைக்கிறது. வெட்டுவது சுலபம், வெட்டிய இடத்தில் சரியான எழுத்தை வைப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். கூடவே எலும்பு மஜ்ஜையை அழிக்கும் கீமோதெரபியும் தாங்க வேண்டும். நீலகிரிக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

பொண்ணு இதைப் படிச்சா வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்க.

பி.எஸ்சி மட்டும் என்றால் வாய்ப்பு குறைவு, கிடைத்தாலும் பரிசோதனைக்கூட உதவியாளர், தரக்கட்டுப்பாடு, விற்பனை என்றுதான் வரும். எம்.எஸ்சி-யோடு கோடிங்கும் தெரிந்தால் சீக்வென்சிங் நிறுவனங்கள், நோயறிதல் மையங்கள், விதை, தடுப்பூசி நிறுவனங்கள் என்று கதவுகள் கூடும். ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி வரை மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும், இருபத்தெட்டு, முப்பது வயது வரை படிப்புதான். சொந்தக்காரர்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதுகலை நுழைவுக்கு ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாள், காட்-பி தேர்வு இரண்டும் முக்கியம். பிறகு பிஎச்.டி-க்கு கேட், சி.எஸ்.ஐ.ஆர்-நெட் தேர்வுகள். நெட்டில் ஜே.ஆர்.எஃப் (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. இரண்டாம் வருஷமே அறிவியல் அகாதமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் நல்ல லேப்பில் நின்றுவிட்டு வந்தால், இது நமக்குச் சரிப்படுமா என்று மகளுக்கே தெரிந்துவிடும்.

பிராஜெக்ட்ல பேண்ட் ரொம்ப மங்கலா வந்துருக்கு மேம். போட்டோல அதை மட்டும் கொஞ்சம் டார்க் பண்ணிக்கலாமா?

கூடாது. படம் முழுவதற்கும் ஒரே அளவில் வெளிச்சம் கூட்டலாம், குறைக்கலாம், அதையும் எழுதிவிட வேண்டும். ஒரு பட்டையை மட்டும் தொட்டால் அது பொய்.

மங்கலாக வந்தது என்றால் மங்கலாக வந்தது என்று எழுதுங்கள். எத்தனை தடவை ஓட்டினீர்கள், கன்ட்ரோல் எப்படி இருந்தது, டி.என்.ஏ-வை நீர்த்துப் பார்த்தீர்களா, பிரைமரைத் திருப்பிச் சரிபார்த்தீர்களா எல்லாவற்றையும் எழுதுங்கள். வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தில்தான் நின்று கேள்வி கேட்பார். அங்கே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். மூல ஜெல் படத்தை, வெட்டாமல், தேதியோடு, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பென்டிரைவை நம்பாதீர்கள்.